தண்ணீர் நிற்காத குழி

அண்ணே,

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். நேற்றுக் காலை செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்தார்கள். மூன்றடி போவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. கார்த்திகை மாதத்தில் மாயவரத்தில் மூன்றடிக்குக் கீழே வேறென்ன வரும்? மோட்டார் கொண்டுவர ஆள் போயிருந்தான். அவன் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று இரண்டு பேர் குழிக்குள் இறங்கி, வாளியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சேற்றுத் தண்ணீரில் வாளி இறங்கும்போது ஒரு சத்தம் வருமே, அது காதில் விழுந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மருமகள் வந்து, "ஆறிப்போச்சே மாமா, வேற போட்டுத் தரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் கேட்டது.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்த எழுத்து உனக்குத் தெரியுமே. முப்பது வருஷம் மண் ஆய்வுத் துறையில் அறிக்கை எழுதியவன் நான். நிறம், ஆழம், வடிகால் என்று கட்டம் போட்டுக் கொடுத்தால் கை ஓடும். மனசில் இருப்பதை எழுது என்றால் பேனா நின்றுவிடும். உயிரோடு இருந்தபோது நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. செத்த பிறகு உன்னைத் தண்ணீருக்குள் போடக்கூடாது என்பது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அப்பா ஐப்பசிக் கடைசியில் போனார். குத்தாலத்துக்குத் தெற்கே இருந்த நம் தெருவில் அந்த மாதம் முழுக்க அடுப்படியில்கூட ஈரம். நான் பள்ளிக்கூட விடுதியிலிருந்து வந்திருந்தேன். நீ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, அப்பாவோடு பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். இருபது வயது உனக்கு. கழக ஆட்சி வந்த புதிது. கூலி கூட்டிக் கேட்டுச் சங்கம் நின்றது. மிராசுதார் வெளியூர் ஆளை லாரியில் இறக்கினார். நம் தெரு முனையில் சிவப்புக் கொடி ஏறியதும், நம் சுடுகாட்டுக்குப் போகிற வரப்பை அவர் வெட்டிக் குறுக்கி, அதிலும் நாற்று நட்டுவிட்டார். அவருடைய நிலம், அவருடைய வரப்பு. நம்மில் யாரும் சாகாதவரை அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

அப்பாவின் பாடையை நட்ட வயலுக்குள் இறங்கித்தான் தூக்கிப் போனோம். முழங்கால் சேறு. வரப்பில் குடை பிடித்துக்கொண்டு மிராசுதாரின் காரியஸ்தர் நின்றார். யார் யார் இறங்கினார்கள் என்று பேர் எழுதிக்கொண்டிருந்தார்.

"பயிர மிதிக்காதீங்கடா, கேஸு ஆயிடும்!" என்று கத்தினார்.

முன்னால் தூக்கிப்போன சித்தப்பா, "பறந்தா போவ முடியும், ஐயா?" என்றார். அப்போதும் ஐயாதான்.

வடிகால் வாய்க்காலை ஒட்டிய பள்ளம்தானே நம் சுடுகாடு. எரிக்க விறகு காயாது. புதைக்கலாம் என்றால் குழி நிற்காது. நாலு பேர் குடத்தால் இறைத்துக்கொண்டே இருக்க, அப்பாவை இறக்கினார்கள். இறைப்பவர்கள் மேலே ஏறினார்கள், மண் தள்ளுபவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அப்பா மேலே வந்தார். கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நான் குழிப்பக்கம் ஓடினேன். "நீ எறங்காதடா, மேலயே நில்லு" என்று சொல்லிவிட்டு நீ குதித்தாய். இரண்டு கையையும் அப்பாவின் மார்பில் வைத்து அமுக்கினாய். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாய். களிமண் கட்டி கட்டியாக விழுந்தது. உன் கைமீதும் விழுந்தது. கடைசியில்தான் கையை உருவினாய்.

அன்று சாயங்காலம் அம்மா சோறு போட்டாள். நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்னடா, சாப்புடு" என்றாள். நீ அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இன்னும் கைய தூக்குதுடா" என்றாய். எட்டு நாள் அம்மாதான் உனக்கு ஊட்டினாள்.

நான் படித்தேன். நீ படிக்க வைத்தாய் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது, அதனால் விடுகிறேன். விவசாயக் கல்லூரி முடித்து மண் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்து, முதல் வேலையாக நீலகிரிக்குப் போட்டார்கள். மலை உச்சிப் புல்வெளிகளில் குழி வெட்டி, மண்ணைப் பார்த்து எழுத வேண்டும். அந்த வருஷம் சங்கத்து ஆட்களுக்கு ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. பயிர் மிதித்த கேஸும் இழுத்துக்கொண்டே போனது. உனக்குக் கல்யாணமாகி அண்ணி வீட்டுக்கு வந்திருந்தாள். குழி வெட்ட ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். மறுவாரம் நீ வந்து இறங்கினாய், சாக்கில் சுற்றிய மண்வெட்டியோடு. மலையில் மண்வெட்டி கிடைக்காது என்று நினைத்தாயா, அல்லது ஊரான் மண்வெட்டி உனக்கு ஆகாதா? பஸ் முழுக்க அது யார் காலில் இடித்ததோ.

முதல் குழிக்கு இடம் காட்டினேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி ஆழம் என்றேன். நீ அசையாமல் நின்றாய்.

"யாருக்குடா?"

"மண்ணுக்குத்தான் அண்ணே. மண்ணைப் பாக்குறதுக்கு."

"மண்ணப் பாக்க ஆறடி எதுக்கு? குதிகால வச்சி அமுக்குனா தெரியாதா?"

ஜீப் டிரைவர் சிரித்தான். நீயும் சிரித்துவிட்டு வெட்ட ஆரம்பித்தாய். நான் வேறு வேலையாகப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் குழி தெற்கு வடக்காக இருக்கிறது. தெற்கே தலைமாடு, வடக்கே கால்மாடு. நான் பார்த்து எழுத வேண்டிய சுவரில் வெயில் விழவில்லை. "நான்தான் கெழக்கு மேற்கா வெட்டுங்கன்னு சொன்னேன்ல?" என்று எல்லார் எதிரிலும் அதிகாரியாகக் கத்தினேன். நீ கோபப்படவில்லை. "கை பழகிப்போச்சுடா" என்றாய். தெருவில் யார் செத்தாலும் குழி வெட்டுகிற நாலு பேரில் நீயும் ஒருவன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றடி வந்ததும் நீ வேட்டியைத் தொடைவரை ஏற்றிக் கட்டிக்கொண்டாய். ஒரு இரும்பு வாளியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். தண்ணீர் வரும் என்று பார்த்தாய். நாலடி வந்தது, வரவில்லை. ஐந்தடியில் மேலே நிமிர்ந்து, "என்னடா மண்ணு இது?" என்றாய். ஆறடி முடிந்தது. வாளி காய்ந்தபடியே கிடந்தது. உனக்கு அது பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு கை மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தாய். உருளவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாய். சேற்று வாடை இல்லை.

மாலை மூடுபனி இறங்கிவிட்டதால் நாளைக்கு வந்து எழுதலாம் என்று கிளம்பினேன். நீ நகரவில்லை. வெட்டிய குழியை வெறுமனே விடக்கூடாது, விட்டால் அது ஆள் கேட்கும் என்றாய். ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் அரசாங்கக் குழிக்குள் எதைப் போடுவது? கடைசியில் தோளில் இருந்த துண்டை எடுத்து நாலாக மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாய். அன்றிரவு மலையில் அப்படி ஒரு மழை. கூடாரத்துக்குள் நீ புரண்டுகொண்டே இருந்தாய்.

காலையில் நான் எழுந்தபோது நீ இல்லை. போய்ப் பார்த்தால் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறாய். கையில் துண்டு.

"தம்பி, புழிஞ்சா ரெண்டு சொட்டு வருதுடா. அம்புட்டுதான். ராத்திரி பூரா கொட்டுச்சே, அந்தத் தண்ணி எங்கடா போச்சு?"

நானும் உள்ளே இறங்கினேன். அண்ணனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்கிற பெருமை வேறு. சுவரைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். மேலே இரண்டடி கருப்பு. நம் ஊர்க் களியின் கருப்பு இல்லை. காலம் காலமாகப் புல் முளைத்துச் செத்து, குளிரில் பாதி மக்கியும் பாதி மக்காமலும் சேர்ந்த கருப்பு. அதனால்தான் கையில் எடுத்தால் கனமே இல்லை. கீழே பழுப்பு, அதற்கும் கீழே மஞ்சள் கலந்த சிவப்பு. ஆறடிவரை பாறை தட்டவில்லை. புல்லின் வேர் நாலடிவரை நூல் நூலாக இறங்கியிருக்கிறது பார். நம் மண் கோடையில் கால் போகிற அளவுக்குப் பிளக்கும், மழையில் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைத் தலைமேல் தேக்கி வைக்கும். இந்த மண் அப்படி இல்லை. பெய்வதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். தனக்கு வேண்டிய ஈரத்தை வைத்துக்கொண்டு மீதியைக் கீழே விட்டுவிடும். அது ஊற்றாகி, ஓடையாகி, பவானியில் சேர்ந்து, காவிரிக்குப் போய், நம் ஊர் வாய்க்காலுக்கு வரும் என்றேன்.

நீ துண்டை இன்னொரு தடவை பிழிந்து பார்த்தாய். பிறகு, "அப்ப, இது வேணாம்னு வுட்ட தண்ணிதான் அப்பாவத் தூக்குனிச்சா?" என்றாய்.

நான் பேச்சை மாற்றினேன். பார்க்கத்தான் கருப்பு, பலன் கிடையாது, புளித்த மண், உரம் போட்டாலும் பயிருக்கு விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், நெல்லெல்லாம் இங்கே நினைக்கவே முடியாது என்று அடுக்கினேன்.

"வயித்துக்கு ஆவாதுங்கற. ஆனா படுக்க ஆவும்டா" என்றாய். குழிக்குள் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டாய். தெற்கே தலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் படுத்தாய். "நான் போனா என்னய இங்க கொண்டாந்து வச்சிருடா. தண்ணில மட்டும் போட்டுறாத."

"சரி, ரிப்போர்ட்லயே எழுதிடுறேன்" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நான் படிவத்தை எடுத்து எழுதினேன். ஆழம்: மிக அதிகம். வடிகால்: நன்று. நிலத்தடி நீர்: ஆறடிவரை காணப்படவில்லை. நீ படுத்தபடியே நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டு மாதத்தில் ஊரிலிருந்து சேதி வந்தது. உச்சவரம்புக்கு மேல் இருந்த மிராசுதார் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள், பேர் கொடுக்க வேண்டும். நீ அன்றே மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிவிட்டாய். உனக்குக் கிடைத்தது மூன்று மா. ஒரு ஏக்கர் என்று காகிதத்தில் அழகாக இருந்தது. நேரில் போனால் தண்ணீர் வடியாத பள்ளம். கொடுப்பவன் மேட்டையா கொடுப்பான்?

அந்தப் பட்டியலில் திடல் ஒன்றும் இருந்தது. எந்த வெள்ளத்திலும் முழுகாத மேடு. அதைச் சுடுகாட்டுக்குக் கேட்க வேண்டும் என்று தெருக் கூட்டத்தில் நீதான் முதலில் பேசினாயாம். குடிசைக்குள் முழங்கால் தண்ணீர் வருகிறது, பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது, திடலை மனைக்குத்தான் கேட்க வேண்டும் என்று பொம்பளைகள் எழுந்து நின்றார்களாம். கை தூக்கச் சொன்னபோது நீயும் மனைக்கே கை தூக்கிவிட்டு வந்தாய். அண்ணிதான் எனக்குச் சொன்னாள். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "உசுரோட இருக்கறவன் மொதல்ல காயட்டும்" என்றாயாம்.

ஆனாலும் நீ விடவில்லை. வழக்கில் கிடந்த இன்னொரு சின்ன மேட்டுத் துண்டு மிச்சம் இருந்தது. தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தாய். இருக்கிற சுடுகாடு புதைக்க லாயக்கில்லை என்று மண் ஆபீசிலிருந்து ஒரு கடுதாசி வாங்கி வா, மேலே அனுப்புகிறோம் என்றார்கள். உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண் ஆபீஸ் என்றால் தம்பி அல்லவா! பொங்கலுக்கு நான் வந்தபோது காத்துக்கொண்டிருந்தாய்.

"ஒரே ஒரு கடுதாசிடா."

நான் அப்போது வேலையில் நிரந்தரம் ஆகவில்லை. "உங்க ஊருல எல்லாரும் செங்கொடிதானே?" என்று ஆபீசில் ஒருவர் விளையாட்டாகக் கேட்டிருந்தார். அந்த விளையாட்டு எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மிராசுதாரின் உறவுக்காரர்கள் எந்த ஆபீசில் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பயம், அண்ணே. வேறு பேர் அதற்குக் கிடையாது. ஆனால் பயமாயிருக்கிறது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொன்னேன்.

"அது அவ்வளவு லேசு இல்லண்ணே. மண்ணு எடுக்கணும், லேபுக்கு அனுப்பணும், மேல கையெழுத்து வாங்கணும். ரெண்டு மூணு மாசம் ஆவும்."

"ஆவட்டும், ஆவட்டும்" என்றாய். மறுநாள் நான் பஸ் ஏற நிற்கும்போது ஓடி வந்தாய். கையில் மூன்று சின்னத் துணி மூட்டை. மலையில் நாம் அடிக்கு ஒரு பை என்று மண் எடுத்ததைப் பார்த்திருந்தாய் அல்லவா? விடியற்காலையில் சுடுகாட்டுக்குப் போய் நீயே குழி வெட்டி எடுத்து வந்துவிட்டாய். எழுதினால் ஈரத்தில் மை ஓடும் என்று, முதல் அடி மண்ணுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவது அடிக்கு இரண்டு முடிச்சு, மூன்றாவதுக்கு மூன்று.

"நாலாவது அடி தண்ணிடா. அத எதுல முடியறது?" என்று சிரித்தாய். "நீ அலைய வேணாம். லேபுக்கு அனுப்பிரு."

நான் அதை மலைக்குக் கொண்டுபோய் அறைப் பரணில் வைத்தேன். நீ ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கேட்டாய். கேட்டாய் என்றுகூடச் சொல்ல முடியாது. "லேபுலேருந்து வந்துருச்சா?" என்று ஒரு வார்த்தை, அதுவும் அண்ணி உள்ளே போன பிறகு. இன்னும் வரவில்லை என்பேன். அடுத்த வருஷம் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. பயப்பட ஒன்றும் மிச்சம் இல்லை. அப்போதும் எழுதவில்லை. இவ்வளவு நாள் கழித்து எழுதினால், முன்பு சொன்னது பொய் என்று தெரிந்துவிடுமே என்று ஒரு வெட்கம். அப்புறம் கல்யாணம், இடமாறுதல், அது இது. பரணைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். மூன்று மழைக்காலம் போயிற்று.

கார்த்திகையில் தந்தி வந்தது. மஞ்சள் காமாலை, நாலு நாள் காய்ச்சல். வழியெல்லாம் வெள்ளம், பஸ் கும்பகோணத்தோடு நின்றுவிட்டது. மறுநாள் பிற்பகல்தான் வந்து சேர்ந்தேன். தம்பி வராமல் எடுக்கக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டாளாம். காலையிலேயே வெட்டிய குழியை எனக்காக அத்தனை நேரம் ஆள் மாற்றி ஆள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். உன்னோடு குழி வெட்டுகிற மூன்று பேரும் குடத்தைக் கீழே வைக்கவே இல்லை.

உன்னை மலைக்கு எடுத்துப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று நினைக்காதே. கும்பகோணத்திலிருந்து நடந்து வரும்போது வேறெதுவும் தோன்றவில்லை. ஆனால் எந்த வண்டியில், எந்தப் பாதையில்? ஊரே தண்ணீரில் கிடக்கிறது. அண்ணியிடம் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் என்னவென்று நினைத்திருப்பாள்!

இறக்கினார்கள். நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. நீ மேலே வந்தாய்.

நான் வேட்டியை மடித்தேன். "நீங்க எறங்க வேணாம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். நம் தெருவில், உன் குழியோரத்தில், எனக்குப் பேர் சார். இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர், சில்லென்று இருந்தது. உன் மார்பில் இரண்டு கையையும் வைத்தேன். எலும்பு கைக்குத் தட்டியது. இவ்வளவு மெலிந்துபோயிருந்தாயா? அமுக்கினேன். நீ தூக்கினாய். மறுபடி அமுக்கினேன். வேண்டாம் என்று நீ சொல்கிற மாதிரியே இருந்தது அண்ணே, தண்ணில மட்டும் போட்டுறாத என்று. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டது போல எனக்குத் திருப்பிக்கொள்ளத் தெரியவில்லை. உன் முகத்தையே பார்த்துக்கொண்டு அழுதேன். "தள்ளுங்க, தள்ளுங்க" என்று யாரோ கத்தினார்கள். மண் விழுந்து உன் முகம் மறைந்த பிறகும் கையை எடுக்க வரவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் என்னை மேலே ஏற்றினார்கள்.

பதினாறு முடிந்து மலைக்குத் திரும்பினேன். பரணில் இருந்து மூட்டைகளை எடுத்து அவிழ்த்தேன். உன் மண் கல்லாக இறுகியிருந்தது. மேஜை முன் உட்கார்ந்து எழுதினேன். இன்ன கிராமத்து ஆதிதிராவிடர் மயானத்தின் மண் கடும் களி, வடிகால் மிக மோசம், மழைக்காலத்தில் மூன்றடியில் நீர் நிற்கிறது, சடலங்களைப் புதைக்கத் தகுதியற்றது, மேட்டு நிலம் ஒதுக்குவது அவசியம். மொத்தம் ஒன்பது வரி. லேபும் தேவைப்படவில்லை, மேலதிகாரி கையெழுத்தும் தேவைப்படவில்லை. என் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. தபாலில் சேர்த்தேன்.

அதற்குப் பலன் இருக்காது என்று நான் நம்பினேன் அண்ணே. இருக்கக் கூடாது என்றுகூட ஆசைப்பட்டேன் என்று சொன்னால் நீ அடிப்பாய். எழுதியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று ஆகிவிட்டால் நான் கொஞ்சம் தூங்கலாம் அல்லவா?

சித்திரையில் மேட்டுத் துண்டு கிடைத்துவிட்டது. வண்டி போகிற அகலத்துக்குப் பாதையும் சேர்த்து. தெருவே கூடி எனக்கு மாலை போட்டது. சித்தப்பா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒங்க அண்ணன் ஆச நெறவேறிப் போச்சுடா" என்று அழுதார். நான் மாலையோடு நின்றேன். உன்னை எடுத்து மேட்டில் வைக்கலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "கெடக்கட்டும் தம்பி. இன்னொரு தடவ அவர அலைக்கழிக்க வேணாம்" என்றாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பரிமாறிக்கொண்டே கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ரெண்டு மூணு மாசம் ஆவும்னு சொன்னீங்களாமே தம்பி. அந்தக் கடுதாசி எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவளிடமும் பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. "கால் மணி நேரம் அண்ணி" என்றேன்.

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். உள்ளே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் இலையை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து, மீதிச் சோற்றைப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. கடைசிவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள். ஐப்பசி மழையில்தான். மேட்டில் வைத்தோம். குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நல்ல சாவு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் குழியோரத்தில் நின்று, பக்கத்துப் பள்ளத்தில் நீ கிடக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கோரை முளைத்து, தண்ணீர் நின்றது.

இப்போது எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பென்ஷன் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன. எதை எழுத உட்கார்ந்தாலும் கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் ஒன்றும் இருக்கிறது. மளிகைச் சாமான் பட்டியல் எழுதினாலும் பார்ப்பேன். இதை எழுத ஆரம்பித்தபோதும் பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது அண்ணே. நீ கேட்டது கால் மணி நேரம்.